வளர்ப்பு நாயும் வெளிப்பொழுதும்

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டில் வளர்க்கும் நாய் ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்கு உத்தரவாகியிருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் இது மிகச் சிறிய கேள்வியாகத் தோன்றும். அரை மணி என்றோ ஒரு மணி என்றோ ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். இந்த மண்டபத்து மின்விசிறிகள் சுழலும் வேகத்தைப் பார்க்கும்போது, அதுவே உங்களுக்கு நான் செய்யக்கூடிய பெரிய உபகாரம் என்றும் படுகிறது. ஆனால் கணக்கைச் சொல்லத் தொடங்கியதுமே ஒரு சங்கடம் குறுக்கிடுகிறது. நம் நகரங்களில் தனி வீடுகள் நிறைந்த எந்தத் தெருவிலும் நுழைந்து பாருங்கள்: இரும்புக் கேட்டுக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, தகரக் கூரையின் கீழோ கார் நிறுத்துமிடத்துத் தூணிலோ, நான்கு முழச் சங்கிலியில் ஒரு நாய் கட்டுண்டு கிடக்கும். காலையில் அங்கே, உச்சிப் பகலில் அங்கே, மார்கழிப் பனியிலும் அங்கேதான். கடிகாரத்தைக் கொண்டு கணக்கிட்டால், நாளொன்றுக்கு 24 மணி நேரமும் வெளியே வாழ்கிற பாக்கியசாலி அந்த நாய். அதே தெருக்கோடியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கும் பொமரேனியனோ, காலையில் அரை மணியும் மாலையில் அரை மணியும் வீட்டு அம்மாளோடு தெருவைச் சுற்றிவிட்டு, மிச்சப் பொழுதையெல்லாம் சோபாவுக்கு அடியில் கழிக்கிறது. இவ்விரண்டில் வெளியே போய் வந்த நாய் எது? முதல் நாய் தன் ஆயுளில் ஒரு நாள்கூட வெளியே போனதில்லை என்பது என் அபிப்பிராயம். கூரை இல்லாத இடத்தில் கிடப்பதும் உலகத்துக்குள் போய் வருவதும் ஒன்றல்ல. இந்த பேதத்தைத் தள்ளிவைத்துவிட்டு மணிக்கணக்குப் பேசுவதில் பிரயோஜனம் ஒன்றும் இல்லை.

பழைய காலத்தில் இந்தக் கேள்வி எழவே இடமிருக்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கண்டறியப்பட்ட நடுகல் ஒன்று, முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமை மந்தையைக் காப்பதற்காகப் போரிட்டு உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நடப்பட்டது. அந்த வீரனுடைய உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லெழுத்து சொல்கிறது. கள்வர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. நாயின் பெயர் தெரியும். அந்தக் கோவிவன் எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று அந்தக் காலத்தில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். விடிந்தால் மந்தையோடு புறப்படும். மந்தை மேயுமிடத்தில் தானும் திரியும். பொழுது சாய்ந்தால் மந்தையோடு திரும்பிப் பட்டியோரத்தில் படுத்துக்கொள்ளும். நாய்க்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலையில் மனிதனும் கூட இருந்தான் என்ற இரண்டையும் நாம் கவனிக்க வேண்டும். வேலை போய்விட்டது, வயலும் மந்தையும் போய்விட்டன, நாய் மாத்திரம் நம்மோடு நகரத்துக்கு வந்து, சுவருக்கு உள்ளே நிற்கிறது. அதனால்தான் இப்போது மணி பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டிப் போட்டால்தான் நாய்க்குக் கோபம் வரும், கோபம் வந்தால்தான் திருடன் பயப்படுவான் என்று சாதிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முதல் பாதி உண்மைதான். அமெரிக்காவில் டென்வர் நகரத்தில், மனிதரைக் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆராய்ச்சியொன்று 1994இல் வெளியாயிற்று. முற்றத்தில் சங்கிலியில் கட்டப்பட்டவை, கடித்த நாய்களின் கூட்டத்திலேயே அதிகமாக இருந்தன. ஆனால் அப்படிக் கடிபடுகிறவன் திருடன்தான் என்று யார் சொன்னது? சுவரேறிக் குதிக்கிறவன் சங்கிலியின் நீளத்தை முன்கூட்டியே அளந்துவைத்திருப்பான். பந்தெடுக்க வந்த பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தான் அந்த அளவு தெரியாது.

நம் தேசத்துச் சட்டம் இந்த விஷயத்தை எவ்வளவு கூர்மையாகக் கண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில், கொடுமைகளை வரிசைப்படுத்திச் சொல்லும் பதினோராவது பிரிவு இருக்கிறது. அடித்தல், அளவுக்கு மீறிப் பாரமேற்றுதல், பட்டினி போடுதல் என்று எல்லாப் பிராணிகளுக்கும் பொதுவான குற்றங்களைச் சொல்லிவருகையில், நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதும் குற்றம் என்கிறது அது. அதோடு நிற்கவில்லை. அடுத்த உட்பிரிவில் நாயைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ நெருக்கமாக அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான அளவு தேகப்பயிற்சியைத் தானாகவோ பிறரைக் கொண்டோ கொடுக்கத் தவறுகிற உடைமைக்காரர் குற்றவாளி என்று விதிக்கிறது. சங்கிலியை நீட்டிவிட்டால் மட்டும் போதாது, அவிழ்த்து அழைத்துச் செல்லவும் வேண்டும் என்பதே இவ்விரு உட்பிரிவுகளையும் சேர்த்துப் படிக்கும்போது தோன்றும் தாத்பரியம். பிறரைக் கொண்டு என்று சேர்த்துக்கொண்டதில், பின்னாளில் வரப்போகும் அடுக்குமாடி வாட்ச்மேனையும் சட்டம் எழுதியவர்கள் ஞானக்கண்ணால் பார்த்திருக்கிறார்கள் போலும்.

இந்தச் சட்டத்துக்கும் சென்னைக்கும் உள்ள சம்பந்தம் பெருமைக்குரியது. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், 1952இல் ராஜ்யசபைக்கு நியமனம் பெற்ற பிறகு, பிராணிகளின் பொருட்டுத் தாமே ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே விரிவான சட்டம் ஒன்றைக் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு அளித்த உறுதியை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். அந்த உறுதியின் பலனே 1960இன் சட்டம். அதன் கீழ் 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் பல்லாண்டு காலம் சென்னையிலிருந்தே இயங்கிற்று. ஆனால் தண்டனையைப் பாருங்கள். முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் அபராதம். 1960இல் 50 ரூபாய் ஒரு தொகை. இன்று அந்தத் தொகைக்கு ஒரு சுமாரான நாய்ச் சங்கிலிகூடக் கிடைக்காது.

மற்ற தேசங்கள் என்ன செய்திருக்கின்றன என்று கேட்கலாம். இத்தாலியின் டூரின் நகரத்தார் 2005இல், நாயைத் தினம் மூன்று முறையாவது நடத்திச் செல்ல வேண்டும், தவறினால் 500 யூரோ வரை அபராதம் என்று விதி செய்தார்கள். சுவீடன் தேசத்து விதி, பகல் நேரத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நாயை வெளியே கொண்டுபோக வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவின் தலைநகரப் பிரதேசத்தில் 2019இல் செய்த திருத்தம், 24 மணி நேரம் நாயை அடைத்து வைத்திருந்தவர் அடுத்த இரண்டு மணி நேரம் அதைத் தாராளமாக நடமாட விட வேண்டும், இல்லையேல் 4,000 டாலர் வரை அபராதம் என்கிறது. இவற்றில் எனக்கு மிகவும் சுவாரசியமாகத் தோன்றுவது ஜெர்மனியின் கதை. 2020இல் அந்நாட்டு விவசாய மந்திரியாக இருந்த ஜூலியா குளோக்னர், ஒவ்வொரு நாயையும் நாளுக்கு இரு முறை, மொத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், வெளியே கொண்டுபோக வேண்டும் என்று ஒரு நகல் விதியை வெளியிட்டார். தேசமே பரிகசித்தது. போலீஸ்காரர் கடிகாரத்தோடு வாசலில் நிற்பாரா என்றார்கள். குட்டைக் கால் டாக்ஸ்ஹுண்டுக்கும் வாலிபப் பருவத்து ஷெப்பர்டு நாய்க்கும் ஒரே அளவா என்றார்கள். முடிவில், 2022 ஜனவரி முதல் தேதியன்று அமலுக்கு வந்த விதியில் அந்த ஒரு மணி நேரம் காணாமற்போய், கூண்டுக்கு வெளியே போதிய அளவு நடமாட்டம் வேண்டும் என்பது மட்டும் எஞ்சிற்று.

ஆனால் அதே ஜெர்மன் விதியில் பரிகாசத்துக்குத் தப்பிய வேறோர் எண் உண்டு. நாய்களைப் பெருக்கி விற்பவர், குட்டிகளோடு மனிதர் பழகுவதற்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பது அது. வெளியே இருக்கும் நேரத்தை அளக்கத் தயங்கிய சட்டம், மனிதரோடு இருக்கும் நேரத்தை அளக்கத் தயங்கவில்லை. அந்தத் தயக்கமும் சரி, தயங்காமையும் சரி, இரண்டும் நியாயமென்றே எனக்குப் படுகிறது.

இனி, நாய்க்கு வெளியே போவதால் கிடைப்பது என்ன என்று பார்ப்போம். கால்களுக்குப் பயிற்சி என்பீர்கள். உண்மை, ஆனால் அதில் பாதிதான். பெருத்துப்போன லாப்ரடாரை மெலிய வைக்க வாக்கிங் அழைத்துப் போகிறேன் என்பவர், முதலில் அதன் தட்டில் விழும் இட்லிகளை எண்ணிப் பார்க்கட்டும். மிச்சப் பாதி மூக்கு. மனிதனுடைய மூக்கில் வாசனையை உணரும் அணுக்கள் ஏறக்குறைய 50, 60 லட்சம் என்றால், நாயின் மூக்கில் அவை 20, 30 கோடி. நமக்குத் தெரு என்பது கண்ணுக்குப் புலப்படுகிற காட்சி. அதற்கோ, நேற்றிரவு யார் வந்தார், எந்தப் பக்கம் போனார், ஆணா பெண்ணா, பசியோடு இருந்தாரா என்பதெல்லாம் விளக்குக் கம்பத்தடியில் பிரத்தியட்சமாக இருக்கிறது. நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் நாய்களின் அறிவை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் அம்மையார், ஷார்லட் டுராண்டன் என்பவரோடு சேர்ந்து 2019இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். வீட்டு நாய்களில் ஒரு கூட்டத்துக்கு மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சியும், மற்றொரு கூட்டத்துக்கு எஜமானின் காலை ஒட்டி ஒழுங்காக நடக்கும் பயிற்சியும் இரண்டு வாரம் கொடுத்துவிட்டு, உணவு இருக்குமோ இராதோ என்று சொல்ல முடியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். மோப்பம் பிடித்துப் பழகியவை முன்னைவிட விரைவாக, இருக்கும் என்ற நம்பிக்கையோடு ஓடின; ஒழுங்காக நடந்து பழகியவற்றில் அந்த மாறுதல் இல்லை.

இதை நான் விரித்துச் சொல்லக் காரணம், நாயை நடத்திச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் அதன் மூக்கோடு ஓயாமல் யுத்தம் செய்துகொண்டே போகிறார்கள் என்பதுதான். அது ஒரு புல்தரையில் நின்றால் ‘வா, வா’ என்று இழுப்பது. சுவரோரத்தில் குனிந்தால் சங்கிலியைச் சுண்டுவது. கையில் போன், காதில் வேறு யாரோ. தேர்த் திருவிழாவுக்குக் குழந்தையை அழைத்துப் போய்க் கண்ணைக் கட்டி நான்கு மாட வீதியும் இழுத்து வருவதற்கும் இதற்கும் வேற்றுமை காண எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. கூலிக்கு நடத்துகிறவரிடம் இதைப் பற்றிக் குறை சொல்வதும் நியாயமன்று. வண்டி துடைக்கவும் மோட்டார் போடவும் கோலமாவு வாங்கவும் ஏவப்பட்ட மனிதர், நடுவில் நாய்க்கும் பதினைந்து நிமிஷம் கொடுக்கிறார். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நாய் தன் போக்கில் நின்று முகர்ந்து நடக்கட்டும் என்று அவரிடம் சொல்லிவைத்தால், இழுத்துக்கொண்டு ஓடும் ஒரு மணியைவிட அது மேல்.

நம் சீதோஷ்ணத்துக்கு வருகிறேன். மற்ற தேசத்து விதிகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமற்போவது இங்கேதான். நாயின் இயல்பான தேக உஷ்ணம் பாரன்ஹீட் கணக்கில் 101 முதல் 102.5 டிகிரி வரை. நம்மைவிட அது எப்போதும் சற்றே சூடான பிராணி. நமக்கு மேனியெங்கும் வியர்க்கிறது. அதற்குச் சொல்லத்தக்க வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடியில் மட்டும். ஆகையால் அது வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, இளைத்து இளைத்து ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். அந்த ஆவியை வாங்கிக்கொள்ளக் காற்று வறண்டிருக்க வேண்டும். கடலோரத்துச் சென்னையில், சித்திரை கழிந்து வைகாசி பிறக்கும் நாட்களில், காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. எனவே உஷ்ணமானியில் மதுரையைவிடக் குறைவாகக் காட்டினாலும், சென்னையின் புழுக்கம் நாய்க்கு அதிக ஆபத்து. தேக உஷ்ணம் 106 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். தள்ளாட்டம், வாந்தி, நாக்கும் ஈறும் செக்கச் சிவத்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த நிலையில் நாயை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆட்டோ தேடி ஓடுவதற்கு முன், குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறுங்கள். ஆட்டோ அப்புறம் வரட்டும்.

கீழே தரையின் சங்கதி வேறு. வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை, காற்றின் உஷ்ணத்தைவிட 20 டிகிரி செல்சியஸுக்கும் மேலாகச் சுடும். செருப்புப் போட்ட நமக்கு அது தெரிவதில்லை. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு எண்ணுங்கள். தாங்காவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. இந்தச் சோதனையைச் செய்ய வெட்கப்படுகிறவர்கள், ஒரு நிமிஷம் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கலாம்.

எந்த நேரத்தில் வெளியே போக வேண்டும் என்பதற்கு நான் ஒரு சாஸ்திரத்தையும் காட்ட வேண்டியதில்லை. தெரு நாயே போதும். உச்சி வேளையில் அது எங்கே இருக்கிறது? நிறுத்திவைத்த காருக்கு அடியில், அல்லது கட்டட வேலைக்குக் கொட்டிய மணலில் ஈரம் தெரியும்வரை பறித்த குழியில். வெயில் தாழ்ந்தபின் எழுந்து சோம்பல் முறிக்கும். இரவில் ஊரைச் சுற்றும். விடியற்காலையில் மறுபடியும் ஒரு சுற்று. தன் இஷ்டப்படி வாழ விட்ட நாய் தானே வகுத்துக்கொண்ட காலக்கிரமம் அது. வீட்டு நாயை ஒன்பது மணிக்குக் குளித்து, டிபன் முடித்து, அலுவலகம் கிளம்புமுன் நடத்துகிற கனவான், தன் கடிகாரத்தை நாயின் மேல் சுமத்துகிறார். கத்திரி நாட்களில் காலை ஏழு மணிக்கு முன்னும், தரை ஆறிய பிறகு இரவிலும் போவதே உத்தமம். நடுப்பகலில் அவசரத்துக்கு ஒதுங்கப் போவதானால் நிழலில் ஐந்து நிமிஷம் போதும்.

தட்டை மூக்கு நாய்களுக்கு இதிலும் பாதி. பக் என்ற இனத்தையும் புல்டாக் என்ற இனத்தையும் மூக்கு உள்ளடங்கும்படி மனிதர்களே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். இளைப்பதற்கே அவற்றுக்கு வழி குறுகிப்போயிற்று. ஒரு காலத்தில் செல்போன் விளம்பரமொன்றைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் பக் வாங்கினார்கள். அது படுகிற அவஸ்தையை விளம்பரம் காட்டவில்லை. சைபீரியப் பனியில் வண்டியிழுக்கப் பிறந்த ஹஸ்கியைப் பற்றி என்ன சொல்ல? அதற்கு ஓடாமல் இருக்க முடியாது. இங்கே ஓடவும் முடியாது. வியாபாரத்துக்காக இனப்பெருக்கம் செய்ய வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசாங்கம் 2016இல் தடுத்துவிட்டது. அதற்குள் வந்தவற்றின் சந்ததிகள் குளிர்சாதன அறையில் படுத்திருக்கின்றன.

அப்படியானால் நாட்டு நாய்களை வளர்க்கலாமே என்று உடனே சொல்லத் தோன்றும். சொல்லலாம், ஆனால் யோசித்துச் சொல்ல வேண்டும். ராஜபாளையம் நாயின் படத்தைத் தபால் இலாகா 2005இல் தபால்தலையாக வெளியிட்ட பிறகு, அதன் கௌரவம் உயர்ந்தது நல்லதே. வெயிலையும் அவை தாங்கும். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும், கரிசல் காட்டில் முயலைக் கண்டு துரத்தும் பொருட்டு வளர்ந்த ஒல்லி உடம்புக்காரர்கள். மதில் சூழ்ந்த கால் கிரவுண்டில், அல்லது இரண்டு படுக்கையறை வீட்டில், அவற்றை வைத்துக்கொண்டு தினம் கால் மணி நேரம் கயிற்றில் நடத்தினால் போதும் என்று எண்ணுகிறவர், நாயைப் பற்றி ஒன்றும் அறியாதவர். வாரத்தில் ஓரிரு நாளாவது, சுற்றிலும் வேலியுள்ள மைதானத்தில் கயிற்றை அவிழ்த்து ஓடவிட இடம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்ட பிறகே அந்த இனத்தைத் தேடிப் போக வேண்டும். சுதேசி அபிமானம் நாயின் காலுக்குத் தேகப்பயிற்சி ஆகாது.

குட்டிகளின் விஷயத்தில் ஒரு தர்மசங்கடம் உண்டு. தடுப்பூசிகள் எல்லாம் போட்டு முடிய நான்கு மாதம் ஆகிறது. அதுவரை பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வியாதிகளுக்குப் பயந்து வெளியே விடாதே என்கிறோம். ஆனால் குட்டியின் மனம் உலகத்தை அஞ்சாமல் ஏற்றுக்கொள்ளத் திறந்திருக்கும் காலம், மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்காவது வாரத்தோடு பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில், நாய்க்குட்டிகளை உயரமான வேலி போட்ட வெளிநிலத்தில், மனித ஸ்பரிசம் இல்லாமல், 14 வாரம் வளர்த்துப் பார்த்து, 1961இல் அந்தப் பரிசோதனையை வெளியிட்டார்கள். நல்ல ஆகாரம், காற்று, வெளிச்சம், ஓடியாட இடம், கூடப்பிறந்தவர்களின் துணை, எல்லாம் இருந்தன. பிறகு மனிதரைக் கண்டபோது அவை காட்டு மிருகங்களைப் போல மிரண்டு ஓடின. பிறந்ததிலிருந்து வெளியிலேயே வளர்ந்தும் உலகத்துக்குள் வராத ஜீவன்களுக்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது. தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாதீர்கள். ஆனால் இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைக் காட்டுங்கள், பஸ் சத்தத்தைக் கேட்க வையுங்கள், குடை பிடித்தவரையும் தாடி வைத்தவரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பார்க்க வையுங்கள். தினம் பத்து நிமிஷம் செலவிட்டால் பத்து வருஷத்துக்கு அது உதவும்.

மழைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து லெப்டோஸ்பைரோசிஸ் வரும். நாய்க்கும் வரும், உங்களுக்கும் வரும். புல்லிலிருந்து மட்டுமன்றிச் சுவர்ப் பொந்திலிருந்தும் உண்ணி ஏறும். உண்ணிக் காய்ச்சலால் நம் ஊரில் அவதிப்படும் நாய்கள் ஏராளம். உலா முடிந்து வந்ததும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பார்த்துவிட வேண்டும். தீபாவளி நாட்களில் மட்டும் என் கட்சியை நானே தளர்த்திக்கொள்கிறேன். வெடிச் சத்தம் ஓய்ந்த நேரம் பார்த்து, கயிறு கையைவிட்டு நழுவாதபடி, வீட்டு வாசலைச் சுற்றி வந்தால் அந்த இரண்டு நாளும் போதும்.

கணக்குச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டான் என்று யாரும் எண்ண வேண்டாம். நடுவயதில் ஆரோக்கியமாயிருக்கும் நாய்க்கு, காலையில் அரை மணியும் இரவில் அரை மணியும் நடை. இதைத் தவிர, சிறுநீர் கழிக்கப் பகலில் ஐந்தாறு மணிக்கொரு தரம் சில நிமிஷங்கள். வேட்டை இனங்களுக்கும், ஒன்று முதல் மூன்று வயது வரையிலான பெரிய இனங்களுக்கும் இதைப்போல் இரு மடங்கு. தட்டை மூக்குக்காரர்களுக்குப் பாதி, அதையும் பிரித்துப் பிரித்து. மூட்டு வலி கண்ட கிழநாய்க்கு ஒரே நீண்ட நடையாக இல்லாமல் நாளில் நான்கு குட்டை நடை. வழியில் அது உட்கார்ந்துவிட்டால் நீங்களும் உட்கார்ந்துகொள்ளலாம், கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. வயிறு முட்டத் தின்ற பெரிய நாயை உடனே ஓட்டக் கூடாது. மொட்டை மாடியில் அவிழ்த்துவிட்டதையும் பால்கனியில் நிறுத்தியதையும் காம்பவுண்டில் கட்டியதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை வீட்டின் பாகங்களே. நான் சொன்னவை பெரும்பாலும் அனுபவத்தில் வந்த அளவுகள். உங்கள் நாயின் வைத்தியர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, போவதற்கு இடம் எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். நம் நகரத்துப் பூங்காக்கள் பலவற்றின் வாயிலில், நாய்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை தொங்குகிறது. அதற்கு நியாயம் இல்லாமல் இல்லை: மலத்தை அள்ளாமல் போகிறவர்களும், கயிறில்லாமல் விடுகிறவர்களும், வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருஷா வருஷம் போட மறப்பவர்களுமாகச் சேர்ந்து அந்தப் பலகையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் நாய் வளர்ப்போர்தாம். ஆனால் பலகையின் பலன், நடைபாதை இல்லாத தெருவில், லாரிகளுக்கும் தெரு நாய்க் கூட்டங்களுக்கும் நடுவே நாயை நடத்த வேண்டியிருப்பது. அதற்கு அஞ்சியே பலர் தூணில் கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பூங்காவில் ஒரு மூலையை வேலியடைத்து, காலை ஐந்து முதல் ஆறரை வரைக்கும், இரவு எட்டு முதல் ஒன்பதரை வரைக்கும், தடுப்பூசிச் சான்று காட்டுகிறவர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன? ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு குப்பைத் தொட்டி, ஒரு விளக்கு, உள்ளே ஒரு கதவும் வெளியே ஒரு கதவும், இவ்வளவுதான் செலவு. வார்டு உறுப்பினர்கள் யாரேனும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தால், முடிந்ததும் வாசலில் நிற்கிறேன். மனு தயாராக இருக்கிறது.